கேள்விக்கு வயது 1,200 கோடி ஆண்டு, வேலைக்கு ஆயுள் 2 ஆண்டு... கேலக்ஸி ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி இருக்கும்?

2025 இறுதியில் புணேயிலிருந்து ஒரு செய்தி வந்தது. தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் பிஎச்டி ஆய்வாளர் ராஷி ஜெயினும் அவருடைய வழிகாட்டி யோகேஷ் வாடதேகரும் ஒரு சுருள் கேலக்ஸியைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அலக்நந்தா'. கங்கையின் மூல நதிகளில் ஒன்றின் பெயர் அது.

அந்த கேலக்ஸியிலிருந்து கிளம்பிய ஒளி இங்கே வந்து சேர 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அது கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 150 கோடி ஆண்டுகள்தான். அந்தச் சின்ன வயசிலேயே இரண்டு சுருள் கைகளோடு இவ்வளவு ஒழுங்கான ஒரு கேலக்ஸி எப்படி உருவானது? அதனால்தான் அது செய்தி ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. படம் எடுத்தது நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. ஆனால், டேட்டா யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யக்கூடிய பொதுக் காப்பகத்தில் இருந்தது. கண்டுபிடித்த இருவரில் ஒருவர் இன்னும் பிஎச்டி முடிக்காதவர்.

'இதெல்லாம் ஒரு வேலையா? சம்பளம் வருமா? எத்தனை வருஷம் படிக்கணும்? அதுக்கப்புறம் என்ன?' இப்படி ஒரு செய்தி வந்ததுமே பலருக்கும் வரும் கேள்விகள் இவை. எம்.எஸ்சி இயற்பியல் படிப்பவர்கள் மட்டுமல்ல, ஐடி கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு 'நாமளும் அந்தப் பக்கம் போயிருக்கலாமோ' என்று யோசிப்பவர்களும் கேட்பதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'எக்ஸ்ட்ராகேலக்டிக்'னா என்ன?

நம் சூரியன் இருப்பது பால்வெளி கேலக்ஸியில். அதற்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் ஆராய்வதுதான் எக்ஸ்ட்ராகேலக்டிக் வானியற்பியல். மற்ற கேலக்ஸிகள், அவற்றின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகள், கேலக்ஸிகள் கூட்டமாகச் சேர்ந்த கொத்துகள், இவற்றையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் எல்லாமே இதற்குள் வரும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு துறையே கிடையாது. பால்வெளிக்கு வெளியே வேறு கேலக்ஸிகள் இருக்கின்றனவா என்பதே அப்போது விவாதத்தில் இருந்தது. 1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடாவுக்குள் பிரகாசம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து தூரத்தைக் கணக்கிட்டபோது, அது பால்வெளிக்குள் இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தது. 1925 ஜனவரி 1 அன்று அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் அந்த முடிவு வாசிக்கப்பட்டது. ஆண்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பது இன்று நமக்குத் தெரியும்.

ஹபிள் பயன்படுத்திய அந்தக் கணக்கு யாருடையது தெரியுமா? ஹார்வர்டு வானாய்வகத்தில் போட்டோ தகடுகளில் நட்சத்திரங்களை எண்ணும் வேலை பார்த்த ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண்ணுடையது. 1912-ல் அவர் அதை வெளியிட்டார். அப்போது அவர் வாங்கிய சம்பளம் மணிக்கு 30 சென்ட். இந்தத் துறையின் அஸ்திவாரக் கல்லையே, பதவியும் அதிகாரமும் இல்லாத ஓர் ஊழியர்தான் போட்டிருக்கிறார்.

ராத்திரி முழுக்க டெலஸ்கோப் வழியா பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

இல்லை. இந்த வேலையின் பெரும்பகுதி லேப்டாப் முன்னால்தான். வருடத்தில் சில இரவுகள் தொலைநோக்கியை இயக்கும் வாய்ப்பு சிலருக்குக் கிடைக்கும். அதுகூட நேரில் போய்த்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே என்ற இடத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்குவது பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டேயில் உள்ள அறையிலிருந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக.

ஒரு பிஎச்டி மாணவரின் சாதாரண நாள் ஏறக்குறைய இப்படித்தான் போகும். காலையில் 'ஆர்கைவ்' தளம். உலகம் முழுக்க எழுதப்படும் வானியல் ஆய்வுக் கட்டுரைகள், இதழில் அச்சாவதற்கு முன்பே இங்கே இலவசமாக வந்துவிடும். அமெரிக்க நேரப்படி இரவு 8 மணிக்குப் புதிய பட்டியல் வெளியாகும். நமக்கு அது காலை 5.30 அல்லது 6.30. பல் தேய்ப்பதற்கு முன்பே போனில் ஸ்க்ரோல் செய்து பார்ப்பவர்கள் உண்டு. காரணம் ஆர்வம் மட்டுமல்ல, 'நம்ம பண்ணிக்கிட்டிருக்கிறதை வேற யாராவது முந்திட்டாங்களா' என்ற பயமும்தான்.

அதற்குப் பிறகு கோடிங். பெரும்பாலும் பைதான். தொலைநோக்கியிலிருந்து வரும் படத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. கருவியின் இரைச்சல், காஸ்மிக் கதிர்கள் விட்ட தடம், வான் வெளிச்சம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் சில பிக்சல்கள்தான் உங்கள் கேலக்ஸி. அதன் ஒளியை அளந்து, மாடலோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒரு வரைபடம் போட வேண்டும். அந்த ஒரு வரைபடத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் வேலை இருக்கும்.

மதியத்துக்கு மேல் மீட்டிங். குழுவில் ஒருவர் சிலியில் இருப்பார், ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் ஜப்பானில். அதனால் ராத்திரி பத்து மணி ஜூம் கால் என்பதும் சகஜம்.

சரி, தப்பாப் போனா என்ன ஆகும்?

உண்மையில் நடந்த ஓர் உதாரணம் பார்ப்போம். கேலக்ஸியின் தூரத்தை அளப்பதற்கு அடிப்படை ரெட்ஷிஃப்ட், அதாவது செம்பெயர்ச்சி. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளமும் வழியில் இழுபடும். ஹைட்ரஜன் வெளியிடும் ஒரு புறஊதாக் கோட்டின் அலைநீளம் 121.6 நானோமீட்டர். ரெட்ஷிஃப்ட் 14 உள்ள கேலக்ஸியிலிருந்து அது வந்தால், 15 மடங்கு நீண்டு சுமார் 1,824 நானோமீட்டராக, அகச்சிவப்பில் வந்து சேரும். ஜேம்ஸ் வெப்பை அகச்சிவப்புத் தொலைநோக்கியாக வடிவமைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைத் துல்லியமாக அளக்க ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். அதனால் முதலில், வெவ்வேறு ஃபில்டர்களில் எடுத்த படங்களை வைத்துத் தோராயமாக ஒரு மதிப்பைக் கணிப்பார்கள். சிக்கல் இங்கேதான்.

ஜேம்ஸ் வெப்பின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வந்தன. சில நாட்களிலேயே ஆர்கைவில் கட்டுரைகள் குவிந்தன. அவற்றில் ஒரு கேலக்ஸிக்கு ரெட்ஷிஃப்ட் 16.4 என்று கணிக்கப்பட்டது. அதாவது பெருவெடிப்பு நடந்து சுமார் 25 கோடி ஆண்டுகளிலேயே இருந்த கேலக்ஸி. உண்மையென்றால் அப்போது அதுதான் உலக சாதனை. நிறமாலை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, ரெட்ஷிஃப்ட் 4.9-தான். அது பெருவெடிப்புக்கு சுமார் 120 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த, தூசி நிறைந்த ஒரு கேலக்ஸி. அதிலிருந்த வாயுக்களின் பிரகாசமான கோடுகள் சில ஃபில்டர்களில் சரியாக விழுந்து, ரொம்ப தூரத்து கேலக்ஸி போல வேஷம் போட்டிருந்தன.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. அந்த அபாயம் இருப்பதைக் கட்டுரைகளே பேசியிருந்தன. 'மேய்சியின் கேலக்ஸி' என்று கண்டுபிடித்தவரின் மகள் பெயரால் அழைக்கப்படும் இன்னொன்றையும் அதே ஆய்வு சோதித்தது. அதன் ரெட்ஷிஃப்ட் 11.4 என்பது உறுதியானது. ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. அறிவியல் நடப்பது இப்படித்தான்.

ஆனால், இதை ஒரு இளம் ஆய்வாளரின் இடத்திலிருந்து பாருங்கள். உறுதிப்படுத்தும் வரை காத்திருந்தால் இன்னொருவர் முந்திவிடுவார். காத்திருக்காமல் வெளியிட்டால் தவறாகலாம். நிரந்தர வேலையில் இருக்கும் பேராசிரியருக்கு ஒரு கட்டுரை போனால் போனதுதான். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்க ஒரே ஒரு கட்டுரையை நம்பியிருப்பவருக்கு அப்படி இல்லை.

பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டால் கொடுப்பார்களா?

கேட்கலாம். ஜேம்ஸ் வெப்பில் நேரம் கேட்டு எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்க முடியும். இந்தியாவிலிருந்தும் முடியும். ஆனால் போட்டியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் முடிந்த நான்காவது சுற்றுக்கு வந்த விண்ணப்பங்கள் 2,377. கேட்கப்பட்ட மொத்த நேரம் சுமார் 78,000 மணி. இருக்கும் நேரத்தைப் போல இது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

இதில் இளம் ஆய்வாளர்களுக்குச் சாதகமான ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஹபிள் தொலைநோக்கிக்கான விண்ணப்பங்களில் 2018 முதல் பெயரும் நிறுவனமும் மறைக்கப்படுகின்றன. மதிப்பிடுபவருக்கு விண்ணப்பித்தது யார் என்று தெரியாது. யோசனை மட்டும்தான் கண்ணில் படும். அப்படி நடந்த முதல் சுற்றிலேயே, எப்போதும் பின்தங்கியிருந்த பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களைவிடச் சற்றே மேலே போனது. ஜேம்ஸ் வெப்பும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. பெரிய பெயர் இல்லாத, பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லாத ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்றாலும் கதவு மூடிவிடாது. பெரும்பாலான டேட்டா, எடுத்தவருக்கு ஓராண்டு பிரத்யேக உரிமை முடிந்ததும் பொதுவில் வந்துவிடும். சில திட்டங்களில் முதல் நாளிலேயே வரும். 2017-ல் ஐயுகா, புணே ஐசர் உள்ளிட்ட நிறுவனங்களின் குழு 'சரஸ்வதி' என்ற மாபெரும் கேலக்ஸிக் கூட்டத்தை அறிவித்தது. அது சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில், 60 கோடி ஒளியாண்டு நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதுவும் ஸ்லோன் என்ற அமெரிக்க வான் கணக்கெடுப்பின் பொது டேட்டாவிலிருந்து கிடைத்ததுதான். அந்தக் குழுவிலும் ஒரு பிஎச்டி மாணவர் இருந்தார்.

நம் சொந்தக் கருவிகளும் உண்டு. நாராயண்காவ் அருகே தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கி, நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி, 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட். தமிழ்நாட்டில், திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம்; 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு கிடைக்கும்?

பி.எஸ்சி முடிக்கும்போது வயது 21. எம்.எஸ்சி முடிக்கும்போது 23. ஜெஸ்ட், கேட், சிஎஸ்ஐஆர்-நெட் போன்ற தேர்வுகளும் நேர்காணலும் தாண்டினால் பிஎச்டி. எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பி.இ, பி.டெக் முடித்தவர்களையும் சில நிறுவனங்கள் எடுக்கின்றன. பிஎச்டிக்கு ஐந்து முதல் ஆறு வருடம். அப்போது வயது 28, 29. அதன் பிறகு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வுப் பணி. ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று வருடம். இரண்டு மூன்று போஸ்ட்டாக் முடித்துவிட்டுப் பேராசிரியர் வேலைக்கு வரும்போது வயது 35-ஐ நெருங்கிவிடும். அதுவும் கிடைத்தால்.

பணம்? மத்திய அரசின் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் இப்படி:

* முதல் இரண்டு ஆண்டு ஜேஆர்எஃப்: மாதம் 37,000 ரூபாய்
* அடுத்து எஸ்ஆர்எஃப்: மாதம் 42,000 ரூபாய்
* பிஎச்டி முடித்த ரிசர்ச் அசோசியேட்: தகுதியைப் பொறுத்து 58,000 முதல் 67,000 ரூபாய் வரை

விடுதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு முன் ஜேஆர்எஃப் தொகை 31,000. அந்த உயர்வுக்கே நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

போஸ்ட்டாக்குக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே இன்ஸ்பயர் ஃபேக்கல்டி போன்ற திட்டங்கள் உண்டு. மாதம் 1,25,000 ரூபாய், ஐந்து வருடம். நிரந்தரமாக உதவிப் பேராசிரியர் ஆனால், பல்கலைக்கழகங்களில் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அதோடு படிகள். ஐஐடிகளில் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்கு அடிப்படையே 1,01,500.

பட்டினி கிடக்கும் வேலை இல்லை. ஆனால், அதே 23 வயதில் ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்த கிளாஸ்மேட் 29 வயதில் ஹோம் லோன் இஎம்ஐ கட்டத் தொடங்கியிருப்பார். நீங்கள் அப்போதுதான் பட்டம் வாங்கியிருப்பீர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்பு உள்ளவர்களுக்கு இந்த ஆறு வருட இடைவெளிதான் உண்மையான நுழைவுத் தேர்வு. யார் இந்தத் துறைக்குள் வர முடிகிறது, யார் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பதை மதிப்பெண் மட்டும் முடிவு செய்வதில்லை.

எல்லாரும் போஸ்ட்டாக்தான் கஷ்டம்னு சொல்றாங்களே, ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 செப்டம்பரில் ஐரோப்பாவில் ஒரு இரண்டு வருட போஸ்ட்டாக் வேலையில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் 2028 ஆகஸ்ட் வரை.

வானியல் வேலைகளுக்கு வருடத்துக்கு ஒரு சீசன்தான் பிரதானம். இலையுதிர் காலத்தில் விளம்பரம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடைசித் தேதிகள், ஜனவரியில் முடிவுகள், அடுத்த செப்டம்பரில் சேர வேண்டும். அப்படியானால் 2028-ல் வேலை வேண்டும் என்றால் 2027 அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து சரியாக 13 மாதம். அதற்குள் விசா, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் முடித்து, புதுக் குழுவோடு பழகி, ஒரு நல்ல கட்டுரையையும் எழுதி முடித்திருக்க வேண்டும்.

இப்போது இதோடு ஜேம்ஸ் வெப்பின் காலண்டரை ஒட்டிப் பாருங்கள். நான்காவது சுற்றுக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி 2024 அக்டோபர். படம் எடுக்கும் காலம் 2025 ஜூலை தொடங்கி 2026 ஜூன் வரை. அதாவது விண்ணப்பித்து, ஒன்பதுக்கு ஒன்று என்ற போட்டியில் ஜெயித்தாலும், டேட்டா கையில் கிடைக்க 9 முதல் 20 மாதம் ஆகலாம். உங்கள் ஒப்பந்தமே 24 மாதம்தான்.

சொந்தமாக யோசித்த ஒரு கேள்வியை, சொந்தமாக டேட்டா எடுத்து, அதே வேலையில் இருந்தபடியே முடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது. இது தனிப்பட்ட ஒருவரின் சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. இரண்டு காலண்டர்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இதன் விளைவு அறிவியலிலும் தெரியும். 12 மாதத்தில் முடியக்கூடிய பாதுகாப்பான கேள்விகளையே பலரும் எடுக்கத் தொடங்குவார்கள். ஐந்து வருடம் பிடிக்கும், தோற்கவும் வாய்ப்புள்ள கேள்விகளை யாரும் தொட மாட்டார்கள். எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுவது, டேட்டாவைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்குக் கட்டுரையில் முதல் பெயர் கிடைக்காது. முதல் பெயர் கிடைக்காவிட்டால் அடுத்த வேலை கஷ்டம்.

மேல்மட்டத்தில் போட்டி எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு: நாசாவின் ஹபிள் ஃபெலோஷிப். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு 24 பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விண்ணப்பங்களோ பல நூறு. இந்தத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. போஸ்ட்டாக் வேலைக்கு அழைப்பு வந்தால், பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அது. ஆனால், பிப்ரவரி 15 வரை எந்த அழைப்பும் வராதவர்களுக்கு அந்தத் தேதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவே குடும்பம். கணவன், மனைவி இருவரும் ஆய்வாளர்களாக இருந்தால், இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைப்பது பெரும்பாடு. இதை இந்தத் துறையில் 'டூ-பாடி ப்ராப்ளம்' என்று சொல்வார்கள். இரண்டு கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் இயற்பியல் கணக்கின் பெயரே அதுதான். என்ன, இயற்பியலில் அதற்கு விடை உண்டு. ஊருக்கு வந்தாலோ கல்யாண வீட்டில் பெரியம்மாவின் கேள்வி காத்திருக்கும்: 'இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியாப்பா?'

அப்படின்னா இதுல நல்லதே இல்லையா?

இருக்கிறது. அதுவும் இளையவர்களுக்கென்றே இருக்கிறது.

புதிய தொலைநோக்கி வந்த முதல் சில வருடங்களில் சீனியர், ஜூனியர் வித்தியாசம் குறைந்துவிடும். 20 வருட அனுபவம் உள்ள பேராசிரியருக்கும் ஜேம்ஸ் வெப் டேட்டா புதுசுதான். நல்லா கோட் எழுதத் தெரிந்த 25 வயது மாணவர் அங்கே முன்னால் நிற்பார். 'குட்டிச் சிவப்புப் புள்ளிகள்' என்று அழைக்கப்படும் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் வெப் வருவதற்கு முன் யாருக்கும் அவற்றைப் பற்றித் தெரியாது. இன்று அந்தப் பெயரில் ஆர்கைவ் நிறையக் கட்டுரைகள். அடர்த்தியான வாயு போர்த்திய கருந்துளைகளா, வேறு ஏதாவதா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வியில் பிஎச்டியின் முதல் வருடத்திலேயே கைவைக்கக்கூடிய துறைகள் அதிகம் இல்லை.

அடுத்த அலையும் வந்துகொண்டிருக்கிறது. சிலியில் உள்ள ரூபின் வானாய்வகம் 2025 ஜூன் 23 அன்று முதல் படங்களை வெளியிட்டது. 3,200 மெகாபிக்சல் கேமரா. ஓர் இரவுக்கு சுமார் 20 டெராபைட் டேட்டா, பத்து வருடத்துக்குத் தொடர்ச்சியாக. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்படும் எஸ்கேஏ வானொலித் தொலைநோக்கியில் இந்தியாவும் உறுப்பினர். அதற்காக மத்திய அமைச்சரவை 2024 ஜனவரியில் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. கருவிக்குப் பணம் வந்துவிட்டது. பத்து வருடம் ஓடும் கருவியை இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்களை வைத்து எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

பாதியில் வெளியே வந்தால்?

பிஎச்டி முடிப்பவர்கள் எல்லோருக்கும் பேராசிரியர் இருக்கை கிடையாது. இது எல்லா நாடுகளிலும் உள்ள நிலைமை. அதனால் வெளியே போவதைத் தோல்வி என்று பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். இரைச்சலுக்குள் இருந்து சிக்னலைப் பிரிப்பது, பிழையை நேர்மையாகக் கணக்கிடுவது, பெரிய டேட்டாவைக் கையாள்வது, நாலு நாட்டுக்காரர்களோடு சேர்ந்து எழுதுவது எல்லாம் டேட்டா சயின்ஸ், நிதித் துறை, ரிமோட் சென்சிங், மருத்துவ இமேஜிங் என்று பல இடங்களில் தேவைப்படும் திறமைகள். ஆனால், கடைசி நாளில் யோசிக்காமல் பிஎச்டியின் நடுவிலேயே இதற்கும் தயாராக இருப்பது நல்லது. எழுதும் கோடைப் பொதுவில் வைப்பது, வானியலுக்கு வெளியேயும் பயன்படும் புள்ளியியலைக் கற்பது, ஒரு முறையாவது வேறு துறையில் இன்டர்ன்ஷிப் செய்வது எல்லாம் பின்னால் கைகொடுக்கும்.

சேர நினைத்தால், முதலில் என்ன செய்யலாம்?

ருசி பாருங்கள்: ஸ்லோன், ஹபிள், ஜேம்ஸ் வெப் டேட்டா எல்லாம் இலவசம். ஒரு பைதான் நோட்புக்கைத் திறந்து ஒரே ஒரு கேலக்ஸியின் நிறமாலையை வரைந்து, ரெட்ஷிஃப்ட்டை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்த மூன்று நாள் வேலை பிடித்திருந்தால் ஆறு வருடத்தைப் பற்றி யோசிக்கலாம். படங்கள் மட்டும்தான் பிடித்திருக்கிறது என்றால் அதிலும் தப்பில்லை. ரசிகராக இருக்கலாம்.

கோடைக்காலத் திட்டங்கள்: கல்லூரி மாணவர்களுக்கு ஐயுகா, என்சிஆர்ஏ, இந்திய அறிவியல் அகாடமிகள் போன்றவை விடுமுறை ஆய்வு வாய்ப்புகள் தருகின்றன. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் பிரபஞ்சவியல் ஆய்வு நடக்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள்: கடைசியாக முடித்த ஐந்து மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு உதவித்தொகை உண்டா? என் ஆய்வுக்கான டேட்டா ஏற்கெனவே கையில் இருக்கிறதா, இனி வரப்போகும் தொலைநோக்கியை நம்பியிருக்கிறதா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஜேம்ஸ் வெப்பை முதலில் 2007-ல் ஏவத் திட்டமிட்டார்கள், ஏவியது 2021 டிசம்பர் 25-ல். இந்தியா பங்குதாரராக உள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கி, ஹவாயின் மௌனா கியா மலையில் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பால் வருடக்கணக்கில் நிற்கிறது. உங்கள் உதவித்தொகை அதுவரை காத்திருக்காது.

அந்த மாணவர்களிடமே பேசுங்கள்: வழிகாட்டி இல்லாத நேரத்தில், கேன்டீனில். அரை மணி நேரம் போதும், நிறையத் தெரிந்துவிடும்.

வீட்டில் பேசுங்கள்: எத்தனை வருடம், எவ்வளவு பணம், எந்த வயதில் நிரந்தர வேலை என்பதை எண்களாகவே சொல்லிவிடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று ஆரம்பிப்பதைவிட, '29 வயசு வரைக்கும் 42 ஆயிரம்தான், அதுக்கப்புறம் மறுபடி முடிவு பண்ணுவேன்' என்று சொல்லி ஆரம்பிப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. பிஎச்டி முடிந்ததும் ஒரு முறை, முதல் போஸ்ட்டாக் முடிந்ததும் ஒரு முறை என, தொடரலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கும் தேதிகளை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.